காந்தநாடாவும் காப்பகமும்

ஓர் அரசு தன் கடமைகளை ஆற்றுகின்றபோது கடிதங்கள், கணக்குகள், ஆணைகள், அறிக்கைகள் எனப் பலவகை எழுத்துகளைத் தோற்றுவிக்கின்றது. அவற்றை எழுதுவோர் அன்றாட அலுவலுக்காகவே எழுதுகின்றனர். வரலாற்றுக்கென எழுதுவார் மிகச் சிலரே. ஆயினும், ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வரசு எவ்வாறு நடந்துகொண்டது என்று அறிய விழைவார்க்கு அவ்வெழுத்துகளே சான்றாகின்றன. சான்றாக நிலைபெற வேண்டுமாயின், அவை எழுதியவர் கையை விட்டு நீங்கிப் பொதுக்காப்பாளர் ஒருவர் கைக்கு மாறவேண்டும். இக்கைம்மாற்றத்தையே ஆவணம் ஒப்படைத்தல் என்கிறோம்.

காகிதத்தில் எழுதப்பட்ட ஆவணம் ஒப்படைப்புக்காகக் காத்திருக்கும் இயல்புடையது. அலுவலகத்து அலமாரியில் முப்பது ஆண்டுகள் கிடந்தாலும், கரையானும் ஈரமும் தீண்டாத வரையில், எடுத்துப் பிரித்தால் படிக்கலாம். கணினியில் பிறந்த ஆவணத்துக்கு அவ்வியல்பு இல்லை. அதைப் படிக்கும் பொறி பழமையுற்றால் அது ஊமையாகின்றது. அதிகாரத்தில் இருப்பவர் விரும்பினால் ஒரு நொடியில் அழிகின்றது. எனவே மின்னணு ஆவணத்துக்கு ஒப்படைப்பே உயிர். இவ்வுண்மையை முற்படக் கற்ற நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அந்நாடு அதனை எளிதில் கற்கவில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது.

காகிதக் காலத்து ஏற்பாடு

அமெரிக்க அரசு தோன்றி ஒன்றரை நூற்றாண்டு வரையில் அதற்கென ஒரு தேசிய ஆவணக் காப்பகம் இருந்ததில்லை. ஒவ்வொரு துறையும் தன் ஆவணங்களைத் தன் கட்டடத்தின் மூலைமுடுக்குகளில் அடுக்கி வைத்திருந்தது. 1921 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் வாணிகத் துறையின் கட்டடத்தில் நேர்ந்த தீ விபத்து, 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களுட் பெரும்பகுதியைச் சிதைத்தது. ஒரு தலைமுறை மக்களின் பெயரும் ஊரும் தொழிலும் நெருப்புக்கும் நீருக்கும் இரையாயின. நாட்டுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று அறிஞர்கள் நெடுநாளாக எழுப்பிவந்த குரலுக்கு இவ்வழிவு வலுவூட்டியது. 1934ஆம் ஆண்டு, பிராங்கிளின் ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது, தேசிய ஆவணக் காப்பகம் சட்டத்தின் வழியே நிறுவப்பெற்றது.

ஆவணம் என்பது யாது என்னும் வினாவுக்கு 1943ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொலைநோக்கோடு விடை வகுத்தது. அரசுப் பணியின் பொருட்டு உண்டாக்கப்பட்டது எதுவாயினும், அதன் பருவடிவம் எத்தகையதாயினும், அஃது ஆவணமே என்பது அச்சட்டத்தின் கருத்து. பின்னர் 1950ஆம் ஆண்டின் கூட்டரசு ஆவணச் சட்டம், தத்தம் பணிகளைப் பதிவுசெய்து அப்பதிவுகளைப் பேணும் கடமையைத் துறைத் தலைவர்கள்மேல் சுமத்தியது. கணினி அலுவலகங்களுக்குள் பரவலாக நுழைவதற்கு முன்பே சட்டத்தின் சொற்கள் அதற்கு இடம் வகுத்திருந்தன. ஆனால், சட்டத்தில் உள்ள சொல் அலுவலரின் வழக்கமாக மாறுவதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேலாயின.

பொறி பழமையுற்ற கதை

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1951ஆம் ஆண்டிலேயே யூனிவாக் என்னும் கணினியைப் பெற்றது. அதன் செய்திகள் காந்தநாடாக்களில் பதியப்பட்டன. மற்றத் துறைகளும் நாளடைவில் அவ்வழியைப் பின்பற்றின. தேசிய ஆவணக் காப்பகம் கணினி ஆவணத்தை முதன்முதலாகப் பெற்றுக்கொண்டது 1970ஆம் ஆண்டில் ஆகும்.

காகிதக் கோப்பைப் பெறுவதற்கும் காந்தநாடாவைப் பெறுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கோப்பைத் திறந்தவுடன் எழுத்துத் தெரியும். காந்தநாடாவிலோ எண்களின் நெடுவரிசை மட்டுமே இருக்கும். வரிசையில் ஓரிடத்தில் '3' என்னும் எண் நிற்கிறது எனக் கொள்வோம். அது குடும்பத்தில் உள்ளவர் எண்ணிக்கையா, வீட்டின் அறைகளா, தொழிலைக் குறிக்கும் குறியீடா என்பதை நாடா சொல்லாது. எந்த இடம் எதைக் குறிக்கும், எந்த எண் எப்பொருளைத் தரும் என விளக்கும் குறியீட்டு ஏடு உடன் வரவேண்டும். உரையின்றிப் பொருள் விளங்காத சூத்திரம் போன்றது அது. எனவே நாடாவோடு அதன் விளக்க ஏட்டையும் சேர்த்துப் பெறுவதும், பெற்றவுடன் அதனைப் புதிய நாடாவில் படியெடுப்பதும், படி மூலத்தோடு ஒத்துள்ளதா எனச் சோதிப்பதும் காப்பகத்தின் முறைகளாயின.

இம்முறைகள் ஏன் வேண்டும் என்பதை 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் நாடாக்கள் உணர்த்தின. 1976ஆம் ஆண்டில், அக்கணக்கெடுப்பின் தொகுப்புப் புள்ளிவிவரங்களுள் ஏழு தொகுதிகள் நெடுங்கால வரலாற்று மதிப்புடையன எனத் தேசிய ஆவணக் காப்பகம் தேர்ந்தது. ஆனால் அவற்றுள் ஒரு பகுதி, யூனிவாக் பொறிக்கே உரிய ஒருவகை நாடாவில் இருந்தது. பதினாறே ஆண்டுகளில் அந்நாடாவைச் சுழற்றும் கருவி வழக்கொழிந்து போயிருந்தது. கணக்கெடுப்புத் துறையினர் பெரிதும் முயன்று, 1979ஆம் ஆண்டுக்குள் 642 நாடாக்களுள் 640 நாடாக்களின் செய்திகளைப் புதிய நாடாக்களுக்கு மாற்றினர். இரண்டு நாடாக்கள் கிடைக்கவில்லை. வேறு சில பதிவுகள் நாடா நைந்தமையால் படியெடுக்க இயலாதவையாயின.

இந்நிகழ்ச்சி பின்னாளில் மிகைப்படுத்திக் கூறப்பட்டது. அந்நாடாக்களைப் படிக்கவல்ல பொறிகள் உலகில் இரண்டே உள்ளன, ஒன்று ஜப்பானிலும் மற்றொன்று அமெரிக்க அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன என்று 1985ஆம் ஆண்டின் அறிக்கையொன்று எழுத, 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே மறைந்துவிட்டது என்னும் கதை பரவியது. உண்மை வேறு. மக்கள் நிரப்பிய படிவங்கள் நுண்படச் சுருளில் முன்னரே காக்கப்பட்டிருந்தன. புள்ளிவிவரங்களும் பெரும்பாலும் மீட்கப்பட்டன. ஆயினும் கதை பொய்யாயினும் அச்சம் பொய்யன்று. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் மீட்பு முயற்சி பயனற்றுப் போயிருக்கக்கூடும். மின்னணு ஆவணத்தின் ஆயுளை அதன் நாடா மட்டும் வரையறுப்பதில்லை. அதைப் படிக்கும் பொறியும், அப்பொறியை இயக்கத் தெரிந்தவரும் சேர்ந்தே வரையறுக்கின்றனர். இது முதற்பாடம்.

அழித்தவரும் அழியாத நாடாவும்

பொறி தரும் இடர் காலத்தால் வருவது. மனிதர் தரும் இடரோ எக்காலத்தும் வரலாம். அதனை உலகறியச் செய்தது வெள்ளை மாளிகையில் நிகழ்ந்த வழக்கு.

1978ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதுவரையில் அதிபரின் தாள்கள் அவருடைய சொந்த உடைமையாகக் கருதப்பட்டன. நிக்சன் பதவி விலகியபின் எழுந்த பூசல்களின் பயனாக, 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்கும் அதிபர்களின் ஆவணங்கள் மக்களுக்குரியவை என்றும், பதவிக்காலம் முடிந்ததும் அவை தேசிய ஆவணக் காப்பாளரின் பொறுப்பில் சேரவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அதற்கு முதலில் உட்பட்டவர் ரொனால்ட் ரீகன்.

ரீகன் ஆட்சியில் தேசியப் பாதுகாப்பு மன்றத்து அலுவலர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் கணினி அமைப்பொன்றின் வழியே ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினர். அக்காலத்தில் அது புதுமை. தொலைபேசியில் பேசுவது போலவே எண்ணி, மனத்தில் பட்டதை அதில் எழுதினர். ஈரானுக்கு மறைவாகப் படைக்கருவி விற்று, அப்பணத்தின் ஒரு பகுதியை நிக்கராகுவா நாட்டுக் கிளர்ச்சிப் படையினருக்குத் திருப்பிய செயல் 1986 நவம்பரில் வெளிப்பட்டது. அப்போது மன்றத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் பாயின்டெக்ஸ்டரும், அவர்கீழ்ப் பணிபுரிந்த ஆலிவர் நார்த்தும் தங்கள் கணினிகளில் இருந்த 5,000க்கும் மேற்பட்ட செய்திகளை அழித்தனர். நார்த்தின் அலுவலகத்தில் காகித ஆவணங்கள் பலவும் பொறியிலிட்டுத் துணுக்குகளாக்கப்பட்டன.

துணுக்கான காகிதம் மீளவில்லை. மின்னஞ்சலோ மீண்டது. கணினி பழுதுற்றால் உதவுமென அதன் செய்திகளை அவ்வப்போது காப்பு நாடாவில் படியெடுத்து வைப்பது அங்கு வழக்கம். குறித்த நாள்கள் கழிந்ததும் அந்நாடா மறுபடியும் பயன்படுத்தப்படும். பழைய செய்தி மறையும். ஆனால் அந்த நவம்பர் மாதத்து நாடாக்கள் மறுபயனுக்குச் செல்லாமல் எடுத்து வைக்கப்பட்டன. திரையிலிருந்து மறைந்த செய்திகள் நாடாவில் அப்படியே இருந்தன. 1987 பிப்ரவரியில் அறிக்கை தந்த டவர் ஆணையம் அவற்றைப் பயன்படுத்தியே பல உண்மைகளை நிறுவியது.

தடுத்தாட்கொண்ட புராணம் பயின்றோர்க்கு இந்நிகழ்ச்சி வியப்புத் தராது. மணப்பந்தலில் சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. மூலவோலையை முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கெனத் தம்மிடம் வைத்திருந்தார். அவையினரும் ஓலையைக் கண்டவுடன் நம்பிவிடவில்லை. காவலில் வைத்திருந்த வேறோர் ஓலையை வருவித்து, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். கிழிப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் மூலம் இருக்கவேண்டும். ஒப்புநோக்கச் சான்று காவலில் இருக்கவேண்டும். ஆவணக் காப்பின் அடிப்படை இவ்விரண்டுமே.

அச்சுப்படி ஆவணமாகுமா?

1989 ஜனவரி 20 அன்று ரீகன் பதவி நீங்கவிருந்தார். அதற்குள் வெள்ளை மாளிகைக் கணினிகளின் காப்பு நாடாக்களை அழித்துவிட ஏற்பாடாகியிருந்தது. வேண்டிய செய்திகளை அலுவலர்கள் காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்திருப்பார்கள். எனவே நாடாக்கள் தேவையற்றவை என்பது அரசின் வாதம். இதனை எதிர்த்து, அரசைச் சாராத ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த இதழாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் அவரைச் சார்ந்தோரும் ஜனவரி 19ஆம் நாள் நீதிமன்றம் சென்றனர். அன்று மாலையே நீதிபதி பாரிங்டன் பார்க்கர் தடையாணை பிறப்பித்தார். நாடாக்கள் தப்பின.

வழக்கு நான்காண்டுகள் நீடித்தது. மின்னஞ்சலை அச்சிட்டுவிட்டால் மின்பதிவை அழிக்கலாமா என்பதே அதன் நடுவண் வினா. 1993 ஜனவரி 6 அன்று நீதிபதி சார்லஸ் ரிச்சி தீர்ப்பளித்தார். அச்சுப்படியில் செய்தி மட்டுமே இருக்கும். அதை அனுப்பியவர் யார், பெற்றவர் யாவர், எந்நேரத்தில் பெற்றனர் என்பவை அதில் முழுமையாக இரா. எனவே மின்பதிவும் தனக்கென மதிப்புடைய ஆவணமே என்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

இத்தீர்ப்பின் நுட்பம் கருதத்தக்கது. ஓர் அதிகாரி ஒரு செய்தியை அறிந்திருந்தாரா, அறிந்தது முடிவெடுப்பதற்கு முன்னரா பின்னரா என்பதே வரலாற்றில் பல வழக்குகளின் உயிர்நிலை. செய்தியின் சொற்கள் எஞ்சியிருந்து, பெற்றவர் பெயரும் நேரமும் மறைந்துவிட்டால், எழுத்து எஞ்சுமேயன்றிச் சான்று எஞ்சாது. பொறுப்பேற்க வேண்டியவர் தப்பிவிட அதுவே போதும்.

தீர்ப்பு வந்தும் சிக்கல் தீரவில்லை. 1993 ஜனவரி 19 இரவு, மறுநாள் பதவி நீங்கவிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் தேசிய ஆவணக் காப்பாளர் டான் வில்சனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அது புஷ் ஆட்சியின் மின்னணு ஆவணங்கள்மேல் புஷ்ஷுக்கே கட்டுப்பாட்டு உரிமை அளித்தது. நாடாக்கள் அவ்விரவிலேயே விரைந்து காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மக்களுக்குரியதைத் தனியொருவர் ஆட்சிக்கு விடுவதாக அமைந்த அவ்வொப்பந்தத்தை 1995 பிப்ரவரியில் நீதிபதி ரிச்சி செல்லாததாக்கினார்.

இதனிடையே மற்றொரு குறையும் புலனாயிற்று. நைந்துவரும் நாடாக்களை உரிய காலத்தில் படியெடுக்கவில்லை என்னும் காரணத்தால், 1993 மே மாதத்தில் வெள்ளை மாளிகையும் காப்பகப் பொறுப்பாளரும் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளானதாக அந்நீதிபதியே அறிவித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. ஆயினும், பெறுகின்ற காப்பகத்திடம் போதிய கருவியும் ஆளும் இல்லையாயின், ஒப்படைத்தல் பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவதாகவே முடியும் என்னும் பாடம் எஞ்சியது.

1996ஆம் ஆண்டில், தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் ஆவணங்கள் அதிபர் ஆவணங்களுக்குரிய சட்டத்தின்கீழ் வருவன என மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. எச்சட்டத்தின்கீழ் வரினும் மின்னஞ்சலும் ஆவணமே என்னும் கொள்கை நிலைபெற்றுவிட்டது.

ஒப்படைப்பு முறையாகிய காலம்

அதன்பின் வந்த ஆட்சிகள் மின்னஞ்சலைத் தொடக்கத்திலிருந்தே சேமிக்கக் கடமைப்பட்டன. 2001இல் கிளின்டன் பதவி நீங்கியபோது சுமார் 2 கோடி மின்னஞ்சல்கள் அதிபர் ஆவணங்களாகக் காப்பகத்தைச் சேர்ந்தன. 2009இல் இளைய புஷ் பதவி நீங்கியபோது அத்தொகை 20 கோடிக்கும் மேலாயிற்று. அவ்வாட்சியின் இடைப்பகுதியில் சேமிப்பு முறை குலைந்து பெருந்தொகையான மின்னஞ்சல்கள் காணாமற்போயிருந்தன. மீண்டும் வழக்கு எழுந்தது. 2 கோடியே 20 இலட்சம் மின்னஞ்சல்கள் மீட்கப்பட்டதாக 2009 டிசம்பரில் தெரிவிக்கப்பட்டது. பழைய பாடத்தைப் புதிய அலுவலர்க்கு ஒவ்வொரு முறையும் மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கின்றது.

வெள்ளை மாளிகைக்கு வெளியே உள்ள துறைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டின் ஆணையொன்று, நிலையான மதிப்புடைய மின்னணு ஆவணங்களை 2019 முடிவுக்குள் மின்வடிவிலேயே பேணி ஒப்படைக்குமாறு எல்லாத் துறைகளையும் பணித்தது. 2024 ஜூன் 30க்குப் பின், விதிவிலக்குப் பெற்றவை நீங்கலாக, துறைகளிடமிருந்து காகித ஆவணங்களைப் பெறுவதில்லை என்று தேசிய ஆவணக் காப்பகம் வரையறுத்தது. அச்சிட்டால் போதும் என்று அரசு வாதிட்ட காலம் போய், காகிதத்தில் இருப்பதையும் மின்வடிவாக்கித் தருக என்று அரசே பணிக்கும் காலம் வந்தது.

இன்று ஒரு துறை ஆவணங்களை ஒப்படைக்கும்போது நிகழ்வன நான்கு. எவை நிலைத்து இருக்கத்தக்கவை, எவை குறித்த காலத்தில் அழிக்கத்தக்கவை என முன்கூட்டியே அட்டவணை செய்தல் முதலாவது. படைத்தவர், நாள், தொடர்புடைய கோப்பு ஆகிய விவரங்களை ஆவணத்தோடு பிணைத்தல் இரண்டாவது. ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையால் ஒரு சரிபார்ப்பு எண் கண்டு, புறப்பட்ட இடத்து எண்ணும் சேர்ந்த இடத்து எண்ணும் ஒத்துள்ளனவா என நோக்குதல் மூன்றாவது. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். வெண்ணெய்நல்லூர் அவையினர் கண்ணால் செய்த ஒப்புநோக்கலை இன்று எண் செய்கின்றது. நான்காவது, பொறிகளும் வடிவங்களும் பழமையுறுந்தோறும் புதியனவற்றுக்கு மாற்றிக்கொண்டே இருத்தல். காகிதக் காப்பகம் பூட்டிவைத்துக் காக்கின்றது. மின்னணுக் காப்பகம் இடையறாது படியெடுத்துக் காக்கின்றது.

நம் நாட்டு நிலை

இவை அயல்நாட்டுச் செய்திகள் என ஒதுக்கத்தக்கன அல்ல. மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம், நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே பொது ஆவண அலுவலகம் என்னும் பெயரில் தோன்றியது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், மின்னணு முறையில் உண்டாக்கப்பட்டவற்றையும் ஆவணம் என்னும் சொல்லுக்குள் அடக்கியுள்ளது. தலைமை இயக்குநரின் இசைவின்றிப் பொது ஆவணங்களை அழித்தல் ஆகாது என்பதும் அதன் விதி. சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகம் 1968ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 2012 முதல் தேசிய நூலக வாரியத்தோடு இணைந்து பணியாற்றி வருகின்றது.

சென்ற நூற்றாண்டில் இம்மண்ணுக்கு வந்த தமிழரின் வரலாற்றை ஆராய்வோர், தோட்டத் தொழிலாளர் பற்றிய அரசாங்க அறிக்கைகளையும் கடிதப் போக்குவரத்துகளையும் காகிதத்திலேயே கண்டு எழுதினர். பள்ளிகளைப் பற்றியும் குடியுரிமையைப் பற்றியும் இக்காலத்தில் எடுக்கப்படும் முடிவுகளை ஐம்பதாண்டு கழித்து ஆராயப்போகும் மாணவர், அவற்றைப் பெரும்பாலும் மின்னஞ்சலிலும் கணினிக் கோப்பிலுமே தேடவேண்டும். அவை இன்று முறையாக ஒப்படைக்கப்பட்டால் அன்று கிடைக்கும்.

சட்டங்கள் அமைந்துவிட்டன, கருவிகளும் பெருகிவிட்டன. எஞ்சியிருப்பது மனப்பான்மை. அலுவலகத்தில் எழுதுகின்ற ஒவ்வொரு வரியும் தமக்குச் சொந்தமன்று, மக்களுக்குரியது என்னும் உணர்வு எழுதுவோர் நெஞ்சில் இருத்தல் வேண்டும். 1986 நவம்பரில் அவ்வுணர்வு இருவரிடம் இல்லாமற்போயிற்று. எடுத்துவைக்கப்பட்ட சில நாடாக்களால் உண்மை பிழைத்தது. ஒரு நாட்டின் நினைவு அத்தகைய நற்பேற்றை நம்பி இருத்தல் கூடாது. உரிய காலத்தில், உரிய வடிவில், உரிய கையில் ஆவணத்தைச் சேர்ப்பதே அதற்குரிய காப்பாகும்.